மூன்றாம் ஓலை

ஜெப்சனின் முதல் படத்துக்கு லைவ் சவுண்ட் நான். மொத்தம் பதினெட்டு நாள் ஷூட்டிங். பதினான்கு நாள் சிக்கலில்லாமல் போனது. பதினைந்தாம் நாள் ஓலை வாசித்தோம்.

படத்தின் பெயர் ‘ரெண்டாம் மணி’. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணி எட்டரைக்கு அடிக்கும். இரண்டாம் மணி ஒன்பதுக்கு. இடையில் இருக்கிற அரை மணி நேரம் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆலயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று பேசிக்கொள்கிறார்கள். இருவரும் பிளஸ் டூ. ஒரு வருடம் இப்படிப் போகிறது. அவ்வளவுதான் கதை. கொலை கிடையாது, ஓடிப்போவது கிடையாது. ஜெப்சன் இதைத் தூக்கிக்கொண்டு நான்கு வருடம் சென்னையில் அலைந்தான். கடைசியில் மஸ்கட்டில் இருக்கும் அவன் மச்சான் பணம் போடச் சரி என்றார்.

ஜெப்சனும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. தக்கலையில் என் வீட்டுக்கு வந்து, “ஏலே டிஜோ, மெஷினை வெளிய எடு” என்றான். எடுத்தேன். அதற்கு முன் பதினொரு மாதம் ரெக்கார்டரைத் தொடவில்லை. என் மனைவி ஷைஜா டெங்குவில் இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் இல்லை. கல்யாணம் முடிந்து ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. இதைச் சொன்னால் எதிரே இருப்பவர்கள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெட்போன் மாட்டியிருப்பவனிடம் யாரும் பேச வருவதில்லை. வேலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண்ணாக நடித்தவள் அபினா. பதினேழு வயது. நாங்கள் படம் எடுத்த ஊரே அவள் ஊர், சிதறாலுக்குப் பக்கம். பையன் அஜின், மார்த்தாண்டத்துக்காரன், பதினெட்டு. இருவரும் இதற்கு முன் சினிமா கேமராவைப் பார்த்ததில்லை. வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டார்கள். இரண்டாம் நாளே ஜெப்சன் கதையில் இருந்த பெயர்களை அடித்துவிட்டு அபினா, அஜின் என்று மாற்றினான்.

நடிப்பவர்களின் சட்டைக்குள் சின்ன மைக் ஒன்றைக் குத்தி வைப்போம். காலர் மைக். டேக் முடிந்ததும் அதை அணைப்பதில்லை, கழற்றுவதில்லை. மாட்டியிருப்பவர்களுக்கு மறந்துபோகும். அவர்கள் தேநீர் குடிக்கும்போதும், ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று பேசும்போதும் எனக்குக் கேட்கும். மரியாதைக்கு ஒலியைக் குறைத்துவிட வேண்டும். பெரும்பாலும் குறைத்தேன்.

ஐந்தாம் நாள், ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸைப் பற்றி இருவரும் சண்டை போட்டார்கள்.

“எனக்க பங்கையும் தின்னுட்டியா?”

“உனக்க பேரு எழுதியிருந்துதா அதுல?”

பன்னிரண்டாம் நாள் அஜின் கேட்டான். “படம் முடிஞ்சா என்கிட்ட பேசுவியா?”

துணி உரசும் சத்தம். பிறகு அபினா, “இது வசனமா?” என்றாள்.

“இல்ல.”

“படம் முடியட்டு. பாக்கலாம்.”

கையில் இருந்த வசனத்தாளைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை.

பதினைந்தாம் நாள் ஒரு வியாழக்கிழமை. ஆலயத்துக்குள் எடுக்க வேண்டிய காட்சி. பையன் ஆராதனையில் உட்கார்ந்து கனவு காண்கிறான், அவனுக்கும் அவளுக்கும் ஓலை வாசிப்பதாக.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார். கொஞ்சம் காத்திருப்பார். யாரும் எழுவதில்லை. மூன்று முறை வாசித்துவிட்டால் ஊரைப் பொறுத்தவரை பாதிக் கல்யாணம் முடிந்தது.

ஜெப்சனுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். அந்தச் சபையின் போதகரையே வாசிக்கச் சம்மதிக்க வைத்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லி முப்பது பேரை ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் வரவழைத்து உட்கார வைத்தான். போதகர் அங்கியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

“தகப்பன் பேரு இல்லியே.”

“பேரு மட்டும் போதும் பாஸ்டர்” என்றான் ஜெப்சன்.

“தகப்பன் பேரில்லாம எப்பிடிடே ஓலை வாசிக்கது? வாயில வராதே.”

ஜெப்சன் யோசிப்பதற்குள் பெஞ்சிலிருந்து அபினா, “ஞானதாஸ்” என்றாள். அவள் அப்பா பெயர்தான். குவைத்தில் இருக்கிறார். அஜினும் அவன் அப்பா பெயரைச் சொன்னான். போதகர் எழுதிக்கொண்டார்.

முதல் டேக்கில் மின்விசிறி சத்தம் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். எலிசா என்கிற அம்மாள் வேர்க்கிறது என்று ஒன்றைப் போட்டுவிட்டார். இரண்டாவது டேக் ஜெப்சனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் “தடை” என்று போதகர் சொன்ன இடத்தில் வெளியே மீன்காரர் ஸ்கூட்டர் ஹாரனை அடித்துக்கொண்டு போனார். நான் கையைத் தூக்கினேன். “இன்னொண்ணு கூட. சவுண்டுக்கு.” மூன்றாவது சுத்தமாக வந்தது.

ஹெட்போனில் ஒன்று கவனித்தேன். போதகர் முப்பது வருடப் பழக்கத்தில், முதல் டேக்கில் “இது முதலாம் முறை” என்று முடித்தார். இரண்டாவதில் “இது இரண்டாம் முறை” என்றார். மூன்றாவதில் “இது மூன்றாம் முறை” என்றார். தாளில் அப்படி இல்லை. ஜெப்சனிடம் சொன்னேன். “மூணாம் முறைன்னா இன்னும் நல்லாத்தான இருக்கு” என்று சிரித்தான்.

முப்பது பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அபினாவின் அம்மா குளோரி அங்கன்வாடி டீச்சர். மறுநாள் காலை குழந்தையைக் கொண்டுவிட வந்த ஒருத்தி, “டீச்சர், மூணு ஓலையும் வாசிச்சாச்சாமே. எங்ககிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?” என்று கேட்டாளாம். பத்து மணிக்குக் குவைத்திலிருந்து போன். பதினொன்றுக்கு எங்கள் வண்டி போய் அவர்கள் வாசலில் நின்றபோது கேட் பூட்டியிருந்தது. அபினாவின் போன் அணைந்திருந்தது.

மூன்று நாள் வேலை பாக்கி. அடுத்த வியாழக்கிழமை அஜின் கோயம்புத்தூரில் கல்லூரி சேர வேண்டும். அபினா வரவில்லை என்றால் படம் முடியாது. ஜெப்சன் அன்று சாப்பிடவில்லை. அஜின் கேமரா வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் மைக் இருந்தது. கேட்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை ஜெப்சன் என்னையும் கூட்டிக்கொண்டு குளோரி வீட்டுக்குப் போனான். சபைச் செயலாளர் ஜான்ரோஸ் முன்பே வந்து நாற்காலியில் இருந்தார்.

“வாங்க, வாங்க” என்றாள் குளோரி. “மாப்பிள வீட்டுக்காரங்க வந்தாச்சு.”

“அக்கா, அது படமாக்கும்” என்றான் ஜெப்சன்.

“படம்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். நாலு வருசம் கழிச்சு இவளுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வரும். ஓலை வாசிக்கும்போ அங்கண இருந்து ஒருத்தி கேப்பா, இவளுக்கு முன்னமே மூணும் வாசிச்சதாச்சேன்னு. அப்ப நான் உனக்க போஸ்டரையா கொண்டு காட்டணும்?”

“பாஸ்டரை ஒரு அறிவிப்பு சொல்லச் சொல்லுகேன் அக்கா.”

“அவரு சொல்ல மாட்டாரு” என்றார் ஜான்ரோஸ். “நான் கேட்டாச்சு. வாசிச்ச ஓலைய வாசிச்சவரே இல்லன்னு சொன்னா, பொறவு அவரு வாசிக்க ஓலைய எவன் நம்புவான்? அதுவுமில்லாம, மேலிடத்துக்குத் தெரிஞ்சா சர்ச்சுக்குள்ள சினிமா எதுக்குன்னு கேள்வி வரும். மனுசன் பயந்து கெடக்காரு.”

“அப்ப என்னதான் வழி?”

“தடை. நாளைக்கு ஆராதனையில ஒருத்தன் எந்திச்சு தடை சொல்லட்டு. தடை சொன்னா ஓலை நிக்கும். புஸ்தகத்துல ஏறும். பொறவு எவளும் வாயத் தெறக்க முடியாது.”

“நான் சொல்லுகேன்” என்றான் ஜெப்சன்.

“நீ எப்பிடிடே சொல்லுவ? உனக்க அப்பன் பெந்தெகொஸ்தேக்குப் போயி முப்பது வருசம் ஆச்சு. நம்ம பேராயத்துல உள்ள ஆளு வேணும். கல்யாணம் ஆனவனா இருக்கணும். கெட்டாத பயல் எந்திச்சு தடை சொன்னா, இவனுக்கு அவமேல ஒரு கண்ணுன்னு அடுத்த கத கெளம்பும்.”

ஜெப்சன் என்னைப் பார்த்தான். ஜான்ரோசும் பார்த்தார்.

“இவரு யாரு?” என்றாள் குளோரி.

“தக்கலை சபை. இந்தப் பயதான் மூணாம் தடவ வாசிக்கச் சொன்னது. சத்தம் சரியில்லன்னு” என்றான் ஜெப்சன்.

“நல்ல வேல செஞ்சிய தம்பி” என்றாள் குளோரி. “கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு.”

“வீட்டுல என்ன பண்ணுகா?”

“இறந்துட்டா. போன வருசம்.”

குளோரி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அதில் பழம்பொரி இருந்தது. “எனக்குத் தெரியாது தம்பி.”

“பரவாயில்ல.”

“அது கல்யாணம் ஆனவன்ங்கிற கணக்குல வருமா?” என்று ஜான்ரோஸ் மேலே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“வரும்” என்றாள் குளோரி. வேறு யாரும் பேசுவதற்கு முன் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஒரு காரியம் கேக்கட்டா? நீங்க சவுண்டாமே. அவங்க பேசுகதெல்லாம் உங்களுக்குக் கேக்குமாமே. இவளுக்கும் அந்தப் பயலுக்கும் இடையில ஒண்ணும் இல்லேல்லா?”

அடுக்களை வாசலில் அபினாவின் நிழல் தெரிந்தது.

“நான் வசனம் மட்டும்தான் கேப்பேன்” என்றேன்.

குளோரி என் முகத்தை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி. தடை சொல்லுங்க. புஸ்தகத்துல ஏறட்டு. பொறவு பாப்போம். வருவான்னு நான் இப்ப சொல்லல்ல.”

நாங்கள் கேட்டுக்கு வந்தபோது அபினா பின்னால் ஓடி வந்தாள். கையில் காலர் மைக். வியாழக்கிழமை கழற்றாமலே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஜெப்சன் முன்னால் போய்விட்டான்.

“அண்ணே, இது எப்பமும் ஆன்லயா இருக்கும்?”

“ஆமா.”

“சிப்சு சண்டையும் கேட்டுதா?”

“கேட்டுது.”

அவள் தரையைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது. அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. “அண்ணே, எனக்குக் கடைசி சீன் எடுத்தே ஆவணும். படம் பூரா அவன்தான் பேசுகான். நான் சிரிக்கேன், தலைய ஆட்டுகேன், அவ்வளவுதான். கடைசி சீன்லதான் எனக்கு வசனம். அது எடுக்கலன்னா இந்தப் படத்துல நான் ஒண்ணும் சொன்னதே இல்ல.”

நான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த பதிவில் அவள் பேச்சு மொத்தமாகப் பதினான்கு நிமிடம்கூட இருக்காது. அதில் பாதி வசனமே அல்ல.

“நாளைக்குச் சொல்லிடுகேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கத்தில் நான்காம் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹெட்போன் இல்லாமல் இவ்வளவு பேருக்கு நடுவில் உட்கார்ந்து நாளாயிற்று. ஷைஜாவை அடக்கம் செய்த அன்றுதான் கடைசி.

பாட்டு, ஜெபம், பிரசங்கம். அதன் பிறகு அறிவிப்புகள். அடுத்த மாதம் அசன விருந்து, அரிசி கொடுப்பவர்கள் பெயர் கொடுக்கவும். ஓய்வு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனப் போட்டி. போதகர் எதையும் நிமிர்ந்து பார்த்துச் சொல்லவில்லை.

எங்கள் ஓலை நினைவு வந்தது. மூன்றாம் ஞாயிறு நான் எங்கள் சபையில் இருந்தேன். பெண் வெட்கப்பட்டு வர மாட்டாள் என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஷைஜா வீட்டில் இருந்துகொண்டு செய்தி அனுப்பினாள். யாராவது எழுந்தாங்களா என்று கேட்டாள். எங்க சித்தப்பா தும்மினார், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று பதில் போட்டேன். தும்மல் கணக்கில் வராது என்று எழுதினாள். அவ்வளவுதான் எழுதினோம். ஷைஜாவின் போன் இப்போது அவள் அம்மாவிடம் இருக்கிறது.

“கடந்த வியாழக்கிழமை இந்த ஆலயத்தில் வாசிக்கப்பட்ட ஓலையைக் குறித்து” என்று போதகர் தொடங்கினார். சபை அசைந்தது. சேலைச் சத்தம். “யாருக்கேனும் தடை உண்டானால் இப்போது சொல்லலாம்.”

நான் எழுந்தேன். அந்த ஆலயத்தில் அப்படி ஒருவர் எழுந்து நாற்பது வருடம் ஆகிறது என்று பிறகு சொன்னார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

“தடை உண்டு” என்றேன். “பெண்ணுக்குப் பதினேழு வயசு. ரெண்டு வீட்டிலயும் கல்யாணம் நிச்சயிக்கல்ல. வாசிச்சது சினிமாவுக்காக. முதல்ல வாசிச்சப்ப ஃபேன் சத்தம். ரெண்டாவது மீன்காரர் ஹாரன். மூணாவது வாசிக்கச் சொன்னது நான்.”

பெண்கள் பக்கத்தில் யாரோ, “ஃபேனைப் போட்டது எலிசாக்கா” என்றார்கள். “எனக்கு வேர்த்துதுட்டி” என்று பதில் வந்தது. சிரிப்பு எழுந்தது. போதகரும் சிரித்துவிட்டார். மூன்று நாளில் அவர் முதல் தடவை சிரித்தார் என்று நினைக்கிறேன்.

“தடை ஏற்றுக்கொள்ளப்படுகிறது” என்றார்.

ஆராதனை முடிந்து பின்னறைக்குக் கூப்பிட்டார்கள். பதிவேட்டை ஜான்ரோஸ் விரித்து வைத்தார். குளோரி கதவருகில் நின்றாள். ஜெப்சனுக்கு உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியாக அவன் நெற்றி மட்டும் தெரிந்தது.

பெயர் எழுதினேன். தகப்பனார் பெயர். சபை. வயது முப்பத்தொன்று. அடுத்த கட்டத்தில் ‘விவாக நிலை’ என்று அச்சிட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.

“தபுதாரர்னு எழுதணும்” என்றார் ஜான்ரோஸ் மெதுவாக. “மனைவி இறந்தவங்களுக்கு அதாக்கும் புஸ்தகத்துல போடுகது.”

தெரியும். மற்றவர்கள் கல்யாணப் பதிவில் பார்த்திருக்கிறேன். இந்தப் பதினொரு மாதத்தில் வங்கியில், ரேஷன் கடையில், எங்கேயும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தேன். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. ஐந்து எழுத்து. எழுதினேன்.

கடைசிக் கட்டம், ‘தடைக்குக் காரணம்’.

“இருவருக்கும் இதில் விருப்பமில்லைன்னு எழுதும்” என்றார் ஜான்ரோஸ். “வயசுன்னு போட்டா அடுத்த வருசம் அந்தத் தடை தீர்ந்துபோவும். விருப்பமில்லன்னா எப்பமும் நிக்கும்.”

அவர் சொன்னது சரி. குளோரிக்கு வேண்டியதும் அதுதான். அதை எழுதினால் அபினா அன்றைக்கே ஷூட்டிங்குக்கு வந்துவிடுவாள். பத்து வார்த்தைகூட இல்லை.

நான் ‘பெண்ணுக்கு வயது பதினேழு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“இவ்வளவுதானா?” என்றார் ஜான்ரோஸ்.

“எனக்குத் தெரிஞ்ச தடை இது ஒண்ணுதான்.”

ஜான்ரோஸ் கண்ணாடியைக் கழற்றிக் குளோரியைப் பார்த்தார். குளோரி உள்ளே வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். நான் எழுதியதை விரல் வைத்துப் படித்தாள். எல்லாக் கட்டங்களையும் படித்தாள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

“நேத்து வீட்டுல கேட்டேன். வசனம் மட்டும்தான் கேப்பேன்னு சொன்னிய.”

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

“புஸ்தகத்துல பொய் எழுத மாட்டிய. என்கிட்ட சொல்லுவிய.”

“ஆமா” என்றேன். “மன்னிக்கணும்.”

வெளியே பிள்ளைகள் படியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஜெப்சனின் நெற்றி அப்படியே இருந்தது. குளோரி பதிவேட்டை மூடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கணவரிடம் போனில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

“அந்தப் பயல் எங்க படிக்கப் போறான்?”

“கோயம்புத்தூர்.”

“எத்தன வருசம்?”

“நாலு.”

“நல்ல தூரம்” என்றாள் குளோரி. “மூணு நாளுதான? நானும் கூட வருவேன். எனக்கு நிக்க முடியாது, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, “ஏலே ஜெப்சா, அங்க நின்னு எத்திப் பாக்காத. வண்டிய எடு. வீட்டுல பிள்ள இன்னும் காப்பி குடிக்கல்ல” என்றாள்.